ஜார்ஜ் அந்தக் கனவை நம்பினானா?

வணக்கம். இந்த வாரம் கொளத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ஜான் ஸ்டைன்பெக் எழுதிய 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலில், சொந்தமாக நிலம் வாங்கப் போகிறோம் என்று ஜார்ஜ் லென்னியிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறானே, அதை அவன் நிஜமாகவே நம்பினானா? இல்லை, சும்மா ஆறுதலுக்குச் சொன்னானா? பொய் சொல்லி ஒருவனைக் கூடவே வைத்துக்கொண்டால் அதை நட்பு என்று எப்படிச் சொல்வது?"

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-இல் வந்த சின்ன நாவல். கலிபோர்னியாவில் சாலினாஸ் ஆற்றுப் பக்கம் ஒரு பண்ணை. அங்கே பார்லி மூட்டை தூக்க ஜார்ஜும் லென்னியும் வருகிறார்கள். லென்னி ஆள் பெரிய உடம்பு, புத்தி மட்டும் வளரவில்லை. மெத்தென்று எதைக் கண்டாலும் தடவ வேண்டும் அவனுக்கு. தடவுகிற வேகத்தில் அது செத்துப்போகும். கடைசியில் முதலாளி மகனின் மனைவியே அவன் கையில் செத்துப்போகிறாள். துப்பாக்கியோடு தேடி வருகிறவர்கள் கையில் அவன் சிக்குவதற்குள் ஜார்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான். வியாழன் மாலை ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். நான் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த நாவலில் எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கிறார் ஸ்டைன்பெக்.

நிலத்தின் விலை 600 டாலர். மாதச் சம்பளம் 50 டாலர். பண்ணைக்கு வந்து சேரும்போது இரண்டு பேர் கையிலும் சேர்த்து இருப்பது 10 டாலர். அதனால் முதல் அத்தியாயத்தில் ஆற்றங்கரையில் படுத்துக்கொண்டு முயல் வளர்ப்போம், சொந்தக் காய்கறி போடுவோம் என்று ஜார்ஜ் சொல்வதெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பதுதான். பல தடவை சொல்லிச் சொல்லி வாயில் தேய்ந்துபோன பேச்சு. அப்புறம் மூன்றாம் அத்தியாயத்தில் கேண்டி இதில் வந்து சேர்கிறான். பண்ணை வேலையில் ஒரு கையை இழந்த கிழவன். கைக்கு நஷ்டஈடாக வந்த 250 டாலர் வைத்திருக்கிறான். பாங்கில் இன்னொரு 50, மாதக் கடைசியில் வரப்போவது 50. ஆக 350 டாலர் நான் போடுகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஜார்ஜ் கணக்குப் போடுகிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் செலவே செய்யாமல் இருந்தால் 100 டாலர் சேரும், மொத்தம் 450, அதைக் கொடுத்துப் பேசி முடித்துவிடலாம், மீதியைப் பிறகு உழைத்து அடைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் மூன்று பேரும் வாயடைத்துப்போகிறார்கள். இதுவரை உண்மையில் நம்பாத ஒன்று நடக்கப் போகிறதே என்ற திகைப்பு அது என்று நாவலாசிரியரே சொல்லிவிடுகிறார். ஆகவே உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: கேண்டி பணம் போடுகிறேன் என்ற அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் நம்பவில்லை, அதற்குப் பிறகு நம்பினான்.

ஆனால் அதைவிட முக்கியமான கணக்கு கடைசியில் வருகிறது. அந்தப் பெண்ணின் பிணத்தைப் பார்த்ததும் கேண்டி ஜார்ஜிடம் கேட்கிறான்: நாம் இரண்டு பேர் மட்டும் போய் அங்கே இருக்கலாம் இல்லையா? யோசித்துப் பாருங்கள். கேண்டியின் 350 டாலர் அப்படியே இருக்கிறது. நிலமும் எங்கும் போய்விடவில்லை. குறைவது லென்னியின் ஒரு மாதச் சம்பளம் மட்டும்தான், 50 டாலர். ஜார்ஜ் கூட ஒரு மாதம் உழைத்தால் அதுவும் வந்துவிடும். ஆனாலும் ஜார்ஜ் முடியாது என்கிறான். ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும் போலிருக்கிறது, அவன் அவ்வளவு ஆசையாகக் கேட்பான், அதனால் நானும் நடக்கும் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். இனிமேல் மாதம் முழுக்க உழைத்து, 50 டாலரை வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போய்ச் செலவழிக்கப் போகிறானாம், மற்ற ஆட்கள் மாதிரியே.

காசு இருந்தும் ஏன் விட்டான்? கேட்க ஆள் இல்லை. அவ்வளவுதான். சொல்கிறவன் ஒருவன், கேட்கிறவன் ஒருவன், இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த நிலத்தை வைத்திருந்தார்கள். ஏமாற்று என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்காததும் இதனால்தான். லென்னிக்கு அந்தப் பேச்சு முழுக்க அத்துப்படி. நடுவில் புகுந்து அவனே அடுத்த வரியைச் சொல்கிறான், விட்டதைச் சேர்க்கச் சொல்கிறான். ஏமாறுகிறவன் அப்படியா இருப்பான்?

அதற்காக ஜார்ஜைப் புனிதனாக்கவும் வேண்டாம். நீ இல்லாவிட்டால் நான் எவ்வளவு நிம்மதியாக இருப்பேன் என்று லென்னியின் முகத்துக்கு நேராகவே சொல்கிறவன். முன்பு ஒருநாள் நீச்சல் தெரியாத லென்னியை, நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஆற்றில் குதிக்கச் சொன்னவன். லென்னியும் சாமானியப்பட்டவன் இல்லை. நான் வேண்டாம் என்றால் எங்காவது குகைக்குப் போய்விடுகிறேன் என்று ஜார்ஜை மடக்கத் தெரிந்தவன்.

இந்த நட்பின் அருமை தெரிய வேண்டுமானால் ஆட்கள் படுக்கும் கொட்டகையைப் பாருங்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் மேலே சுவரில் ஓர் ஆப்பிள் பெட்டியை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். சோப்பு, பவுடர், சவரக் கத்தி, இரண்டு மருந்துப் புட்டி, ஒருவனின் சொத்து மொத்தமும் அதற்குள். ஜார்ஜின் பெட்டியில் பேனையும் பூச்சியையும் கொல்லும் மருந்து டப்பா ஒன்று கிடக்கிறது. முன்பு அங்கே படுத்திருந்தவன் விட்டுப்போனது. அவன் ஏன் போனான்? திடீரென்று ஒருநாள் கணக்கை முடியுங்கள் என்றான், போய்விட்டான். யாரும் காரணத்தைக் கிளறவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டு பேர் ஜோடியாக வந்தால் முதலாளிக்குச் சந்தேகம்தான் வருகிறது: இவன் சம்பளத்தை நீ அமுக்குகிறாயா?

பண்ணைக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் க்ரூக்ஸின் நிலைமை இன்னும் மோசம். கறுப்பர் என்பதால் அவனுக்கு அந்தக் கொட்டகைக்குள்ளேயே இடம் கிடையாது. குதிரை லாயத்தை ஒட்டிய சேண அறையில் கிடக்கிறான். அங்கே கிழிந்த அகராதி ஒன்றும், கலிபோர்னியாவின் 1905-ஆம் வருடச் சிவில் சட்டப் புத்தகம் ஒன்றும் இருக்கின்றன. உரிமை என்று ஏட்டில் இருப்பதைத் தேடிப் படித்த மனிதன். ராத்திரியில் சீட்டாடக் கூப்பிட ஆள் இல்லை. அவனும் ஒரு நிமிடம் அந்த நிலத்துக்கு வருகிறேன், கூலிகூட வேண்டாம் என்கிறான். முதலாளி மகனின் மனைவி வந்து, உன்னை மரத்தில் தொங்கவிட என்னால் முடியும் என்று மிரட்டியதும் அப்படியே சுருண்டுகொள்கிறான்.

சீக்கிரமே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களே என்ற கேண்டியின் பயத்தை வெறும் கிழவனின் புலம்பல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1935-இல் முதியோர் ஓய்வூதியத்துக்கும் சங்க உரிமைக்கும் சட்டம் போட்டபோது இரண்டிலுமே விவசாயக் கூலிகளைச் சேர்க்கவில்லை. உடம்பு ஓய்ந்தால் தெருதான். அன்று மாலைதான் அவனுடைய கிழட்டு நாயை, இனி எதற்கும் உதவாது என்று சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அந்த ராத்திரியே 350 டாலரை நீட்டுகிறான்.

நம் பக்கத்துக் கதைகளோடு வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யையோ, டாக்டர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவலையோ எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் முன்பணக் கடனோடும் குடும்பத்தோடும் போகிறார்கள். அவர்களுடைய கனவு, கடனை அடைத்து ஊருக்குத் திரும்புவது. ஜார்ஜுக்குத் திரும்ப ஊர் கிடையாது. லென்னியை வளர்த்த கிளாரா அத்தையும் செத்துப்போனாள். அதனால் அவன் கனவில் வருவது இனிமேல்தான் உண்டாக்க வேண்டிய வீடு. ஓஎம்ஆரில் கட்டடம் எழும்பும் இடங்களில் தகரக் கொட்டகைக்குள் பாருங்கள், வடக்கிலிருந்து வந்த பையன்கள் ஊரில் பாதி எழும்பிய வீட்டைப் போனில் காட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நம் கதைப் பக்கம்.

ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. 1930-களில் அதே சாலினாஸ் வயல்களில் பிலிப்பைன்ஸ்காரர்களும் மெக்சிகோக்காரர்களும் திரளாக வேலை செய்தார்கள். 1934-இல் பிலிப்பைன்ஸ்காரர்கள் அங்கே பெரிய வேலைநிறுத்தமே நடத்தினார்கள். இந்தப் பண்ணையில் அவர்கள் யாரையும் காணோம்.

பரீட்சைக்கு எழுதப் போகிறீர்கள் என்றால் நான்காம் அத்தியாயத்தை, அந்தச் சேண அறைக் காட்சியை, இன்னொரு முறை படித்துவிடுங்கள். முதலாளி மகனின் மனைவிக்கு ஏன் பெயரே இல்லை என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அதற்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டும். அடுத்த கேள்வி வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது.