மானிப்பாய் ஆஸ்பத்திரி மறுபடியும் எழும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. போர்க்காலத்தில் நலிந்துபோன அதைத் தூக்கி நிறுத்தும் வேலை, தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் கீழ், புலம்பெயர்ந்தவர்களின் உதவியோடு நடந்து வந்திருக்கிறது. கட்டடங்களுக்கு உதவி செய்தவர்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆனால் இந்த ஆஸ்பத்திரி எதற்காக எழுந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். கூடவே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். மதம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது, அதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை.

முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடந்தது. படித்து முடித்தவர்கள் பலர் அரசாங்க வேலை கிடைத்து வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்தில் வாந்திபேதி பரவினால் பார்க்க ஆள் இல்லை. கிறீனுக்கு இது பெரிய கவலை. 1857இல் அமெரிக்காவுக்குப் போய் 1862இல் திரும்பி வந்தவர், வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தன் சனங்களோடு இருப்பான் என்பது அவருடைய கணக்கு. அதற்குப் பாடப்புத்தகம் வேண்டாமா? பிரசவம், சத்திரசிகிச்சை, உடற்கூறு, இரசாயனம் என்று ஒவ்வொன்றாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அவரும் மாணவர்களுமாகச் சேர்ந்து செய்த அந்த வேலை 4000 பக்கங்களைத் தாண்டியது. 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் அதை விடவில்லை. 1884இல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார்.

சரி, இப்போதைய நிலைக்கு வருவோம். அன்றைக்குக் கிறீன் பட்ட கவலை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. படித்த மருத்துவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, நீரிழிவோடும் இரத்த அழுத்தத்தோடும் வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்குப் பெரிய ஸ்கானரைவிட, பக்கத்தில் உட்கார்ந்து எந்த மாத்திரையை எப்போது போடவேண்டும், காலில் புண் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று விளங்கப்படுத்தும் ஒருவர்தான் முக்கியம். யாழ் போதனா வைத்தியசாலையின் நெரிசலில் அந்த நேரம் யாருக்குக் கிடைக்கும்?

ஆகவே உதவ நினைக்கும் உறவுகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். புதிய வார்டு கட்டப் பணம் தருவதற்கு முன்னால், ஊரிலேயே தங்கும் ஒரு மருத்துவரின் சம்பளத்துக்கும், அவர் குடும்பத்தோடு இருக்க ஒரு வீட்டுக்கும் பொறுப்பெடுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தாதிமார்களாகப் பயிற்சி பெறவும் ஆண்டுதோறும் தவறாமல் உதவுங்கள்.

வணக்கம்.