ஐந்து எழுத்து, மூன்றே எண்

அன்பர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு மங்கோலியச் சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்: நரன். நம் காதுக்கு மனிதன் என்று கேட்கும். அவர்களுக்கு அது சூரியன்.

மங்கோலியர் தங்கள் மரபெழுத்தை மேலிருந்து கீழாக எழுதுவார்கள். ஒரு தண்டில் கோத்ததுபோல எழுத்துகள் ஒட்டிக்கொண்டே இறங்கும். பிள்ளைகளுக்கு எழுத்தைக் கூறுகூறாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள்: இது கிரீடம், இது பல், இது முதுகு, இது வயிறு, இது வால்.

நரனை எழுதிப் பார்ப்போம். முதலில் ந: ஒரு பல், அதன் இடப்பக்கம் ஒரு புள்ளி. அடுத்து அகரம்: வெறும் பல். பிறகு ர. மறுபடி ஒரு பல். கடைசியில் ன்: புள்ளியே இல்லாமல் இறங்கும் வால். தலையில் நிற்கும் நகரத்துக்கும் கடைசியில் இறங்கும் வாலுக்கும் கண்ணளவில் எந்த ஒட்டும் இல்லை. கணினிக்குள்ளோ இரண்டுக்கும் ஒரே எண், 1828. அகரம் 1820, ரகரம் 1837. எல்லாம் பதினாறடிமான எண்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினி எண் வழங்கும் பொதுத் தரம் யூனிகோடு. 1999இல் அதன் 3.0 பதிப்பு மங்கோலியத்தைச் சேர்த்தபோது எடுத்த முடிவு இது: உருவத்துக்கு எண் இல்லை, ஒலிக்குத்தான் எண். எழுத்து சொல்லின் முதலில் இருக்கிறதா, இடையிலா, கடையிலா, பக்கத்தில் உயிரா மெய்யா என்று பார்த்து உருவம் கொடுப்பது எழுத்துருவின் பொறுப்பு.

விதி மீறும் இடங்கள் உண்டு. அயல்மொழிப் பெயர்கள் வரும்போது, எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்து, 'வேறு உருவம் கொடு' என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட குறிகள் முதலில் மூன்று. 2021இல் நான்காவது வந்தது. எந்தக் குறிக்கு எந்த உருவம் என்பதில் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் பிழையில்லாமல் நின்ற வரி, இன்னொன்றில் சிதைந்து நிற்கும்.

நிலவுக்குச் 'சர' என்பார்கள். கடைசி அகரம் சற்று விலகித் தனியே தொங்கும். அது சொல்லிடைவெளி அல்ல. அந்த விலகலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. அதை 2013 வரை யூனிகோடு இடைவெளி வகையில்தான் வைத்திருந்தது!

ஒலிக்கு எண் கொடுத்ததில் நன்மை இல்லாமல் இல்லை. மங்கோலிய நாட்டில் இன்று வழங்கும் சிரிலிக் எழுத்துக்கு, அதாவது ரஷ்ய மொழியின் எழுத்துமுறைக்கு, மாற்றவும் அகரவரிசைப்படுத்தவும் அது உதவும். ஆனால் என்னை உறுத்துவது வேறு. மங்கோலிய எழுத்தில் ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஒரே உருவம். எண்கள் மட்டும் 1823, 1824 என இரண்டு. 'மொங்கோல்' என்ற அவர்கள் இனப்பெயரிலேயே அந்த உயிர் இரண்டு முறை வருகிறது. ஆக, திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும் அந்தப் பெயரை நான்கு விதமாகத் தட்டலாம். நமக்கும் இந்தத் தொல்லை தெரியும்: 'ஔவை'யை ஒ, ள, வை என்று தட்டிவிட்டால் தேடுகிறவருக்குக் கிழவி கிடைக்கமாட்டாள். நமக்கு அது ஓரிரு எழுத்தோடு போயிற்று. அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் இது உண்டு.

2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2025 ஜனவரி 1 முதல் மங்கோலிய அரசு அலுவலகங்கள் சிரிலிக்கோடு மரபெழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஒருவர் 1823 போட்டுச் சேமித்த பெயரை அடுத்த மேசைக்காரர் 1824 போட்டுத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் பெயரைக் கணினி 'இல்லை' என்றே சொல்லும்.