எண்ணெய் விடாத பெடல்

நேயர்களுக்கு வணக்கம். ராக் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேச வரும்படி நிலையத்தார் அழைத்தபோது, நான்கு தட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஏன் இந்த நான்கு என்று கேட்டார்கள். நான்கிலும் சத்தம் இருக்கிறது என்றேன். ராக் என்றாலே சத்தம்தானே சார் என்று சிரித்துவிட்டார்கள். நான் சொன்னது அந்தச் சத்தம் இல்லை.

பாட்டில் இருக்கவே கூடாத சத்தம். நாற்காலி முனகுவது, யாரோ இருமுவது, அந்த மாதிரி. பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பவர்களுக்கு இது புதிதில்லை. ஆலாபனைக்கு நடுவே முன்வரிசையில் ஒருவர் "பேஷ்" என்பார், மிருதங்கக்காரர் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பார். அது சபை, ஆட்கள் இருந்தார்கள், சரி. கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டுடியோவில் பதிவு செய்த தட்டில் அப்படி ஒன்று வந்தால்? நாற்பது வருஷமாக நான் தேடித் தேடிக் கேட்பது அதைத்தான்.

முதலில் லெட் செப்பலின் குழுவின் 'லெட் செப்பலின் 3'. 1970-இல் வந்தது. அதில் 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ' என்று நிதானமான ஒரு புளூஸ் பாட்டு, ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஜிம்மி பேஜின் கிட்டாரைத்தான் எல்லோரும் புகழ்வார்கள், புகழட்டும். நீங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீழே கேளுங்கள். ஜான் பானம் பெரிய டிரம்மைக் காலால் மிதிக்கிறார் அல்லவா, அந்தப் பெடல் மிதிக்கு மிதி 'கீச், கீச்' என்கிறது. மழையில் நனைந்த சைக்கிள் மாதிரி. இரண்டு சொட்டு எண்ணெய் விட அங்கே ஆளில்லை. என் வீட்டம்மா ஒருநாள் சமையலறையிலிருந்து வந்து, "பரண்ல எலி ஏதாவது புகுந்திருக்கா பாருங்க" என்றாள். காதில் ஒரு தடவை விழுந்துவிட்டால் பிறகு விடாது. எனக்கு அந்தக் கீச் இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை.

அடுத்தது பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்', 1967. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அதில் பாதிப் பாட்டு எனக்கு ஒட்டவில்லை. ஜோடனை அதிகம். ஆனால் கடைசிப் பாட்டின் கடைசி ஸ்வரக்கட்டுக்காக எல்லாவற்றையும் மன்னிப்பேன். மூன்று பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்து, கையை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். முக்கால் நிமிஷம் போல அந்த ஓசை அடங்கிக்கொண்டே போகிறது. அடங்க அடங்க, இந்தப் பக்கம் பதிவு செய்கிறவர் ஒலி அளவை ஏற்றிக்கொண்டே வருகிறார். ஏற்றினால் பியானோ மட்டுமா வரும்? அறையே வருகிறது. கடைசியில் ஒரு நாற்காலி கிரீச்சிடுவது கேட்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த யாரோ கொஞ்சம் அசைந்திருக்கிறார்கள்.

இப்போது 'அபே ரோடு'. 1969, அவர்களேதான். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984-இல் திருச்சியில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. காலி கேசட்டும் காசும் கொடுத்தால் தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். நான் அறுபது நிமிஷ கேசட் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். தட்டின் இரண்டாம் பக்கமோ இருபத்திரண்டு நிமிஷத்துச் சொச்சம்தான். வீட்டுக்கு வந்து போட்டேன். 'தி எண்ட்' என்ற பாட்டு முடிந்தது, 'டக்' என்று ஒரு சத்தம், உடனே இளையராஜா! மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "மிச்ச நாடாவைச் சும்மா விட மனசு வரலை தம்பி" என்றார். அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது. ஏழு வருஷம் எனக்கு 'அபே ரோடு' இளையராஜாவில்தான் முடிந்தது. மோசமான முடிவும் இல்லை.

1991-இல் சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் அசல் தட்டையே கேட்டேன். 'தி எண்ட்' முடிந்தது. நிசப்தம். என் காது பழக்கதோஷத்தில் இளையராஜாவுக்குக் காத்திருக்கிறது. பதினாலு விநாடி போனதும் 'படார்' என்று ஒரு அடி. தூக்கிவாரிப் போட்டது. பிறகு இருபத்துச் சொச்சம் விநாடிக்கு ஒரு குட்டிப் பாட்டு. அதுவும் கடைசி ஸ்வரம் வராமலே பாதியில் நின்றுவிட்டது. தட்டு கெட்டுவிட்டதா என்று கேட்டேன்.

கெடவில்லை. அந்தப் பாட்டு, 'ஹெர் மெஜஸ்டி', முதலில் வேறு இரண்டு பாட்டுகளுக்கு நடுவே இருந்தது. பீட்டில்ஸில் ஒருவரான பால் மெக்கார்ட்னிக்கு அங்கே பிடிக்கவில்லை, வெட்டிப் போட்டுவிடு என்றார். ஜான் குர்லாண்டர் என்ற இளம் உதவிப் பொறியாளர் வெட்டினார். போடவில்லை. பீட்டில்ஸ் பதிந்த எதையும் தூக்கி எறியக் கூடாது என்பது ஸ்டுடியோ உத்தரவு. அதனால் நாடாவின் கடைசியில், கொஞ்சம் வெற்று நாடா விட்டு, ஒட்டி வைத்தார். மறுபடி போட்டுக் கேட்டபோது அது எதிர்பாராமல் வந்து நின்றது. மெக்கார்ட்னிக்குப் பிடித்துப்போனது, அப்படியே விட்டுவிட்டார்கள். நம்மைத் தூக்கிவாரிப் போடும் அந்த 'படார்' இருக்கிறதே, அது முந்தின பாட்டின் கடைசி அடி, வெட்டும்போது கூடவே வந்துவிட்டது. இதன் சொந்தக் கடைசி அடி அடுத்த பாட்டோடு போய்விட்டது.

முதலில் வந்த உறையில் இந்தப் பாட்டின் பெயரே கிடையாது. அப்படியானால் திருச்சிக் கடைக்காரர் என்ன செய்திருப்பார்? உறையைப் பார்த்தார், பாட்டு முடிந்தது, முள்ளைத் தூக்கினார். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம். மெக்கார்ட்னி வேண்டாமென்று சொன்னதைத்தானே அவரும் செய்தார்.

இன்றைக்கு அந்தக் கீச்சையும் கிரீச்சையும் கணினியில் அரை நிமிஷத்தில் துடைத்துவிடலாம். தாளம் மயிரிழை பிசகினால் அதையும் இழுத்து நேராக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஆகாது. இஸ்திரி போட்ட பாட்டு எனக்கு வேண்டாம்.

நான்காவது தட்டுக்கு நேரம் போய்விட்டது போலிருக்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. இதில் சத்தமெல்லாம் வேண்டுமென்றே வைத்தது, ஆகவே என் கட்சிக்கு எதிர்க்கட்சி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 'மனி' பாட்டின் தொடக்கத்தில் சில்லறை கொட்டும், கல்லாப்பெட்டி மூடும், காகிதம் கிழியும். அந்தக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், தன் மனைவி மண் குழைக்கும் பாத்திரத்தில் காசைப் போட்டுப் பதிந்தார். நாடாத் துண்டுகளை அளவுகோல் வைத்து அளந்து, வெட்டி, ஒட்டியிருக்கிறார்கள். மொத்தம் ஏழு சத்தம், ஏழு எண்ணிக்கை. நம் காதுக்கு அது மிஸ்ர சாபு தாளம். தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், தகிட தகதிமி, தகிட தகதிமி. கிட்டார் தனியாக வரும் இடத்தில் நாலுக்கு மாறிவிடும், அங்கே கை தடுமாறும்... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.