மூன்று வினாடி

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் 26 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்திருக்கிறேன். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ரேங்க் கார்டில், “வகுப்பில் வாயே திறப்பதில்லை, எல்லோரிடமும் கலகலப்பாகப் பழக வேண்டும்” என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன். அவள் அம்மா கொண்டலாம்பட்டியில் வெள்ளிக் கொலுசு வேலைக்குப் போகிறவர். விரல் நுனியெல்லாம் நெருப்புப் பட்டுக் கறுத்திருந்தது. கார்டைப் படித்துவிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “டீச்சர், அவ வீட்ல நல்லாப் பேசுவாளுங்க. யோசிச்சுட்டுத்தான் பேசுவா. நீங்க கேள்வி கேட்டதுமே அடுத்த பிள்ளைகிட்டப் போயிடறீங்களாம். கொலுசைப் பத்த வெச்சா, ஆற விட்டுத்தானுங்க கையில எடுப்போம்.”

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறேன் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பிறகுதான் மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளரின் வேலையைப் படித்தேன். 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அளந்தவர் அவர். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு வினாடி! அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டச் சொன்னார். பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவது குறைந்தது. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

மூன்று வினாடி எவ்வளவு நேரம் என்று இப்போதே பார்த்துவிடலாம். நான் பேசாமல் இருக்கிறேன்.

(மூன்று வினாடி அமைதி)

ரேடியோ நின்றுவிட்டதோ என்று நினைத்திருப்பீர்கள். நமக்கு அமைதி அவ்வளவு பழக்கமில்லாமல் போய்விட்டது. ஆனால் சில பிள்ளைகள் தங்கள் பதிலைத் தேடி எடுப்பது அந்த இடைவெளியில்தான்.

இன்று கல்லூரிப் பிள்ளைகள் சாதாரணமாக “நான் இன்ட்ரோவர்ட்”, “அவன் எக்ஸ்ட்ரோவர்ட்” என்கிறார்கள். தமிழில் அகமுகர், புறமுகர் என்று சொல்லலாம். இந்தச் சொற்களைப் பரப்பியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங். 1921இல் வெளிவந்த நூலில் இந்த இரண்டு வகைகளையும் விளக்கிய அவரே, இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம் என்றும் எழுதினார். அந்தப் பகுதியை நாம் மறந்துவிட்டோம். சாதி சொல்வது போல ஆளுக்கு ஒரு பெயரை ஒட்டிவிடுகிறோம். பிறகு 1960களில் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் வேறொரு விளக்கம் தந்தார். அகமுகர்களின் மூளை இயல்பிலேயே அதிக விழிப்பில் இருக்கிறது, அதனால் சத்தமும் கூட்டமும் அவர்களுக்குச் சீக்கிரம் திகட்டுகின்றன என்றார். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் விஷயம் அத்தனை எளிதல்ல என்று காட்டின. ஆனாலும் கல்யாண மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, செருப்பு விடும் இடத்துப் பக்கம் தனியாகப் போய் நிற்கிற உங்கள் வீட்டுப் பிள்ளையைப் புரிந்துகொள்ள அது உதவும். அவனுக்கு யார்மேலும் கோபமில்லை. அசந்துபோயிருக்கிறான், அவ்வளவுதான்.

கூச்சம் வேறு, இது வேறு. அகமுகமான பிள்ளை தனியாக இருப்பதை விரும்புகிறது. கூச்சப்படும் பிள்ளைக்குக் கூட்டத்தில் சேர ஆசை இருக்கிறது, பயம் தடுக்கிறது. அந்தப் பயம் முற்றி, பள்ளிக்குப் போக வயிற்றைக் கலக்குகிறது, கடையில் சில்லறை கேட்கக்கூட வாய் வரவில்லை என்றால் அதை ‘அமைதியான சுபாவம்’ என்று விட்டுவிடக் கூடாது. அதற்கு உதவி உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையைக் கூப்பிடலாம், கட்டணமில்லை.

இந்த இடத்தில் பெண் பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் அநியாயத்தைச் சொல்லாமல் போக மாட்டேன். பேசாத பையனை உம்மணாமூஞ்சி என்போம், ‘ஆம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கூச்சமா’ என்போம். பேசாத பெண்ணையோ ‘அடக்கமான பொண்ணு’ என்று மெச்சுவோம். மெச்சிவிட்ட பிறகு அவள் பயந்து பேசாமல் இருக்கிறாளா, பிடித்துப் பேசாமல் இருக்கிறாளா என்று யார் கேட்கப் போகிறார்கள்? வாய் ஓயாமல் பேசுகிற பெண்ணுக்கு ‘வாயாடி’ பட்டம். மூன்று பேரும் அடி வாங்குகிறார்கள். பாராட்டு வாங்குகிற அந்தப் பெண்தான் அதிகம் வாங்குகிறாள் என்பது என் எண்ணம்.

வேலைக்குப் போகும் இடத்திலும் இதே கதைதான். என்னிடம் படித்த ஒரு பையன், நன்றாகக் கணக்குப் போடுகிறவன், ஒரு நிறுவனத்தின் குரூப் டிஸ்கஷனுக்குப் போனான். வட்டமாக எட்டுப் பேர், கால் மணி நேரம். பேச்சைப் பிடுங்கத் தெரிந்தவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் இரண்டு வாக்கியம் பேசினான், தேறவில்லை. அந்த வேலை என்ன தெரியுமா? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழை கண்டுபிடிப்பது! கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. கூடிப் பேசினால்தான் யோசனை பிறக்கும் என்ற நம்பிக்கையை 1958லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்னதைவிட, நான்கு பேர் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒன்றுசேர்த்ததில் யோசனைகள் அதிகமாக இருந்தன. ஆகவே மீட்டிங் நடத்துகிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் எல்லோரையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் பேசட்டும். செலவு ஒரு தாள்.

சரி, பேசுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேசப் பேசத்தான் சிலருக்கு யோசனையே ஓடும். அப்படி ஒரு பையனை நான் பல நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன், இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. ஆடி மாதம் எங்கள் சேலத்தில் குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாமி வேஷம் போட்டு, விளக்கு ஜொலிக்கும் வண்டியில் ஏறி, அத்தனை ஆயிரம் கண்கள் முன்னால் அசையாமல் நிற்கத் தனி மனசு வேண்டும். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டு, பேசிப் பழகிய பலர் வாடிப்போனார்கள். அப்போது போன் பண்ணி இரண்டு வார்த்தை பேச அவர்கள் ஏங்கியதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாணவியின் அம்மா சொன்னதைக் கேட்டு, ரோவையும் படித்த பிறகு, வகுப்பில் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணத் தொடங்கினேன். முதல் வாரம் பின் பெஞ்சில் ஒரே சலசலப்பு. இரண்டாம் வாரம் ஒருநாள், ஏற்காட்டில் ஏன் குளிராக இருக்கிறது, மலைமேல் போனால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம் என்று கேட்டேன். மூன்று வினாடியும் தாண்டிற்று. அந்தப் பெண் எழுந்தாள். “தரைதான் டீச்சர் காத்தைச் சூடாக்குது. மேலே போகப் போகக் காத்து அழுத்தம் குறைஞ்சு விரியுது, விரிஞ்சா ஆறிடுது” என்றாள். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரை இதைவிடச் சுருக்கமாக நானே சொன்னதில்லை.

எங்கள் வீடு அம்மாபேட்டையில் நெசவு வீடு. விடியற்காலையில் தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுவார்கள். பெரியப்பாவின் குரல் தெருமுனை வரை கேட்கும். ‘இழு, தளர்த்து, அந்தப் பக்கம் பிடி’ என்று பத்துப் பேரையும் அவர்தான் ஓட்டுவார். என் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பாவின் ஓரமாகவே நடந்து வருவார். திடீரென்று நின்று, அறுந்த ஓர் இழையை இரண்டு விரலில் எடுத்து முடிபோடுவார். அவர் நின்றால் பெரியப்பாவும் சத்தத்தை நிறுத்திவிடுவார். வேலை முடிந்ததும் பெரியப்பா பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். அப்பா நேராக உள்ளே வந்து தறிக்குழியில் இறங்கிவிடுவார். பாட்டி அவருக்கு மட்டும் டீயைத் தறிக்கே கொண்டுபோய், பேச்சுக் கொடுக்காமல் வைத்துவிட்டு வருவாள்.

நன்றி, வணக்கம்.