உறையின் பின்பக்கத்துப் பெயர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ராக் இசையின் புகழ்பெற்ற பாடல்கள் எப்படிப் பதிவாயின என்று பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பை எடுத்தால் பேச்சு வழக்கமாக நட்சத்திரங்களைச் சுற்றியே போகும். நான் ஒரு நாள் வேலைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். நாம் மெய்மறந்து கேட்கிற பல இடங்கள் அவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை.

1965 ஜூன் 16. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாடலைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அல் கூப்பர் என்ற 21 வயது இளைஞரை வேடிக்கை பார்க்க வரச் சொல்லியிருந்தார் தயாரிப்பாளர் டாம் வில்சன். கூப்பரோ வாசிக்கும் ஆசையில் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தேர்ந்த கிட்டார் கலைஞர் மைக் புளூம்ஃபீல்டு வந்து கிட்டாரில் கைவைத்ததும், இவருக்கு முன் தாம் எம்மாத்திரம் என்று உணர்ந்த கூப்பர் தன் கிட்டாரைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு, ஆர்கன் வாசித்தவரைப் பியானோவுக்கு மாற்றினார்கள். ஆர்கன் காலியாகக் கிடந்தது. வில்சன் அப்பால் நகர்ந்த நேரம் பார்த்துக் கூப்பர் போய் உட்கார்ந்துவிட்டார்.

அது ஹம்மண்ட் ஆர்கன், மின்சாரத்தில் இயங்கும் விசைப்பலகை வாத்தியம். அதை முடுக்கவே ஒரு முறை உண்டு; அவருக்கு அது தெரியாது. நல்லவேளையாக, முன்னவர் அணைக்காமல் எழுந்து போயிருந்தார். மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று காதில் வாங்கிய பிறகே கூப்பர் விரலை வைத்தார். அதனால் ஒவ்வொரு முறையும் ஆர்கன் ஒரு இழை பிந்தி வந்து சேர்கிறது. பாடலைக் கேட்டுப் பாருங்கள், அந்தத் தயக்கம் இன்றும் அதில் அப்படியே இருக்கிறது. பதிவைப் போட்டுக் கேட்டபோது ஆர்கனைக் கூட்டி வைக்கச் சொன்னார் டிலன். அந்தப் பையன் ஆர்கன் வாசிப்பவனே அல்ல என்றார் வில்சன். டிலன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூப்பருக்கு அன்றோடு நல்ல காலம் பிறந்தது. இனி நான் சொல்லப்போகும் இருவருக்கும் அது அவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை.

1973 ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவினர் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' இசைத்தட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். அதில் பியானோ கலைஞர் ரிச்சர்ட் ரைட் அமைத்த ஒரு பகுதி, சாவை நினைத்து எழுந்த இசை, வரிகள் கிடையாது. அதன் மேல் ஒரு பெண் குரல் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் தமக்குத் தெரிந்த பாடகி கிளேர் டோரியின் பெயரைச் சொன்னார். அவருக்கு வயது 25. விடுமுறை நாள் என்பதால் இரட்டைச் சம்பளம்: 30 பவுண்டு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'பேபி, பேபி' என்று தொடங்கினார். சொற்கள் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அப்படியானால் என்னதான் வேண்டும்? அதைச் சொல்ல அவர்களுக்கும் தெரியவில்லை. தன்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடிவிடலாம் என்று டோரி முடிவு செய்தார். சொல்லில்லாமல் குரல் மட்டும் அலைந்து திரிவது ஆலாபனை கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. அந்த அறையில் அன்று அதற்கு முன்மாதிரி இல்லை. முதலில் அலறல், பிறகு கெஞ்சல், கடைசியில் அடங்கி ஒடுங்கும் ஒரு முனகல். இரண்டு முறை முழுதாகப் பாடினார். மூன்றாவது முறை பாதியில், பாடியதையே பாடுகிறோம் என்று பட்டதும் தாமே நிறுத்திக்கொண்டார். வெளியே வந்தபோது பெரிய பாராட்டும் இல்லை. இது எங்கே வெளிவரப்போகிறது என்ற எண்ணத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்துக் கோத்ததுதான் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. இசைத்தட்டு கோடிக்கணக்கில் விற்றது. பாடியவர் என்று டோரியின் பெயர் உறையில் இருந்தது. இசையமைத்தவர் என்ற இடத்தில் ரைட்டின் பெயர் மட்டும். பேசிய கூலியைக் கொடுத்தாயிற்றே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதிக் கொடுத்த மெட்டைப் பாடினால் அது கூலி. அங்கே மெட்டே இல்லை. அந்த நேரத்தில், அந்தத் தொண்டையில் பிறந்தது அது. 2004-இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதன்பின் வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு டோரியின் பெயரும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து வாங்கிய இடம் அது.

அடுத்தது பாடகி மெர்ரி கிளேட்டன். 1969-இன் பிற்பகுதி, லாஸ் ஏஞ்சல்ஸ். நள்ளிரவை ஒட்டி அவருக்குத் தொலைபேசி வருகிறது: இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் ஒரு குழுவுக்குப் பெண் குரல் வேண்டும், உடனே வர முடியுமா? கிளேட்டன் அப்போது கர்ப்பிணி. படுக்கப் போகும் நேரம். தலைமுடியைச் சுருட்டிக் கட்டியிருந்தார். கணவர் போய்விட்டு வரச் சொன்னார். இரவு உடையின் மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'கிம்மி ஷெல்டர்' பாடல் அவருக்காகக் காத்திருந்தது. பலாத்காரம், கொலை என்று வரும் வரிகளைக் கண்டு திடுக்கிட்டு, இதையா பாடச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். விளக்கம் கேட்டபின் பாடினார். அடுத்த சுற்றில் அதையே இன்னும் மேலே ஏற்றிப் பாடினார்.

அதன்பின் சில நாட்களுக்குள் அவருடைய கரு கலைந்தது. அன்றைய பாட்டின் சிரமம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாடலின் பக்கமே போக முடியாத இருண்ட காலம் ஒன்று தமக்கு இருந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். அந்தப் பாடல் இடம்பெற்ற இசைத்தட்டின் உறையில் அவர் பெயரை 'மேரி' என்று தவறாக அச்சிட்டிருந்தார்கள். இத்தனையையும் கொடுத்த ஒருவரின் பெயரைக்கூடச் சரிபார்க்க அங்கே ஆளில்லை என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பாடலை இப்போது ஒலிக்கவிடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது நிமிடத்தை ஒட்டி, கொலை என்ற சொல்லில் கிளேட்டனின் குரல் உடைகிறது. அப்போது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் வியந்து கத்துவது கேட்கும். அது ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர். அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.