ஊழிய இல்லமாகும் பழைய கட்டடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்டு, பின்னர் ஆளின்றிப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய கட்டடம், ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனம் சோர்ந்தவர்கள் சில நாள் தங்கி ஜெபிப்பதற்கோ, போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் சில மாதங்கள் கூடி வாழ்வதற்கோ, போக்கிடம் அற்றவர்கள் காலூன்றும் வரை அடைக்கலம் பெறுவதற்கோ அதனை உறைவிட ஊழியத்துக்கான இல்லமாக்க அந்த அமைப்பினர் விரும்புகிறார்கள். அப்போது பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, 'இதில் எத்தனை பேரைத் தங்க வைக்கலாம்?' என்பதே. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கும்படி நான் கேட்டுக்கொள்கிறேன். கட்டடத்தை முதலில் அறிந்து, அது எத்தனை பேரைத் தாங்கும், எத்தகைய வாழ்வுக்கு இடம் தரும் என்பதை அதனிடமே கற்றுக்கொண்ட பிறகுதான் படுக்கைகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

அப்படி அறிந்துகொள்வதற்கு மிகச் சிறந்த நாள், நல்ல மழை பெய்யும் நாள். குடையுடன் கட்டடத்தைச் சுற்றி வந்தால், எந்த மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறது, எந்த விளிம்பிலிருந்து நீர் சுவரோடு வழிகிறது, அடிவாரத்தில் அது எங்கே தேங்குகிறது என்பவையெல்லாம் கண்ணெதிரே தெரிந்துவிடும். பிறகு உள்ளே சென்று, உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைப் பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் இரும்பு போல் உறுதியாக இருக்கும் அதே உத்தரம், சுவருக்குள் செருகியிருக்கும் அந்த ஒரு சாண் நீளத்தில், பேனாக்கத்தியின் நுனி தங்குதடையின்றி உள்ளே இறங்கும் அளவுக்கு உளுத்திருக்கலாம். வெளியே அடைத்திருக்கும் குழாய்க்கும் உள்ளே உளுத்திருக்கும் மரத்துக்கும் இடையே உள்ளது ஒரே சுவர்தான். குழாயைச் சரிசெய்யாமல் மரத்தை மட்டும் மாற்றினால், புதிய மரமும் அதே கதியைத்தான் அடையும்.

ஓதம் ஏறிய சுவரைக் கண்டவுடன் சிமெண்டுப் பூச்சு பூசி மூடிவிடும் வழக்கம் பல பழைய கட்டடங்களைக் கெடுத்திருக்கிறது. போர்ட்லாந்து சிமெண்டு என்ற பெயரில் ஒரு பொருளுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824ஆம் ஆண்டில்தான்; அதற்கு முந்தைய சுவர்களிலும், அதன் பிறகு நெடுங்காலம் வரை எழுந்த பெரும்பாலான சுவர்களிலும் கற்களையும் செங்கற்களையும் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, நீர் சேர்த்து நீற்றி, மணலுடன் குழைத்துப் பூசும்போது, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. அவ்வாறு இறுகிய பின்னும் அதில் நுண்ணிய துளைகள் நிறைந்திருப்பதால், சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் வழியே வெளியேறி ஆவியாகிவிடும். அந்தச் சுவரின் மேல் கெட்டியான சிமெண்டைப் பூசும்போது, ஈரம் வெளியேறும் வழி அடைபட்டு, பூச்சுக்குப் பின்னால் தங்கி, உப்பைச் சுமந்துகொண்டு கல்லின் வழியாகவும் செங்கல்லின் வழியாகவும் வெளியேற முயல்கிறது. சில ஆண்டுகளில் பூச்சு அப்படியே நிற்க, அதன் பின்னால் இருக்கும் செங்கல் பொரிந்து மாவாக உதிர்வதைக் காணலாம். உடைந்து போனால் மாற்றிவிடக்கூடிய சாந்தைக் காட்டிலும், மாற்ற முடியாத கல்லே காக்கப்பட வேண்டியது. எனவே சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு வேலை பொறுமையைக் கேட்கும். பூசிய பின் கடும் வெயிலும் காற்றும் படாமல் ஈரச் சாக்கு கட்டிப் பாதுகாக்க வேண்டும். ஒரு பூச்சு இறுகும் முன் அடுத்ததைப் பூசக் கூடாது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கும் அமைப்புகளுக்கு இது பெரும் சோதனையாகிவிடுகிறது. ஆகவே நாளைக் குறிக்காமல் தொடங்குங்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்வதுண்டு.

காலம் எடுத்துக்கொள்வது ஊழியத்துக்குத் தடை அன்று என்பதற்கு ஐயோனா தீவு சான்றாக நிற்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள அந்தச் சிறு தீவுக்கு, 563ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து புனித கொலும்பா வந்து ஒரு மடத்தை நிறுவினார். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் அங்கே எழுந்த பெனடிக்ட் சபை மடம், சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் கைவிடப்பட்டுச் சிதைந்தது. 1899இல் அந்த இடிபாடுகளை ஆர்கைல் கோமகன் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்; ஆலயம் 1910 வாக்கில் மீட்கப்பட்டது. ஆயினும் துறவியர் உண்டு உறங்கி வாழ்ந்த பகுதிகள் இடிபாடாகவே கிடந்தன. கிளாஸ்கோ நகரில், கப்பல் கட்டும் தொழில் முடங்கி வறுமை சூழ்ந்திருந்த கோவன் பகுதியில் போதகராக இருந்த ஜார்ஜ் மக்லவுட், வேலையிழந்த கைவினைஞர்களையும் போதகப் பயிற்சி பெற்றுவந்த இளைஞர்களையும் 1938ஆம் ஆண்டில் அத்தீவுக்கு அழைத்துச் சென்றார். மரக் கொட்டகைகளில் தங்கி, காலையும் மாலையும் ஆலயத்தில் கூடி ஜெபித்து, பகலெல்லாம் சேர்ந்து கல் அடுக்கினார்கள். இடையில் உலகப் போரும் வந்தது. 1965ஆம் ஆண்டில்தான் வேலை நிறைவுற்றது. இன்று உலகெங்கிலுமிருந்து வருவோர் அங்கே தங்கி, சமையலிலும் துப்புரவிலும் பங்கெடுத்து, வழிபாட்டில் கலந்துகொள்கிறார்கள். கட்டி முடித்த பிறகு தொடங்கிய ஊழியம் அன்று அது. கொத்தனாரும் குருமாணவரும் ஒரே பந்தியில் அமர்ந்த அந்த நாள்களிலேயே தொடங்கிவிட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க நடைமுறைப் பாடம், பகுதி பகுதியாகச் செய்வது. முதலில் கூரையும் நீர்ப்போக்கும்; அடுத்து ஒரு பகுதியை மட்டும் வாழத்தக்கதாக்கிச் சிலர் குடியேறுவது; அவர்கள் அங்கே ஓராண்டு வாழ்ந்து கற்றதைக் கொண்டு மற்றப் பகுதிகளைத் திட்டமிடுவது. சபை மக்கள் கைகொடுக்க வரும்போதும் எந்த வேலையை யாரிடம் தருவது என்ற தெளிவு வேண்டும். ஓடுகளைத் தரம் பிரிப்பதும், பழைய வண்ணத்தைச் சுரண்டுவதும், மேற்பார்வையுடன் வெள்ளையடிப்பதும் அவர்களால் இயலும். நீற்றிய சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். உத்தரத்திலும் வளைவிலும் பயிற்சி இல்லாதவர் கை வைக்கவே கூடாது.

பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறையாகிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், நினைவுச் சின்னங்களைச் சமூகத்துக்குப் பயன்படும் ஒரு காரியத்துக்கு ஈடுபடுத்துவது அவற்றின் பாதுகாப்புக்கு உதவும் என்று ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பயன்பாடு கட்டடத்தின் அமைப்பை மாற்றிவிடக் கூடாது என்றும் உடனே நிபந்தனை விதிக்கிறது. உறைவிட ஊழியத்தைப் பொறுத்தவரை இந்த நிபந்தனை ஊழியத்துக்கே நன்மை செய்வதாக நான் கருதுகிறேன். பெரிய கூடத்தைத் தடுத்து எட்டு அறைகள் ஆக்கினால் எட்டுப் பேருக்குப் படுக்கை கிடைக்கும். ஆனால் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடம் போய்விடும். தனித்து வந்தவர் பிறரோடு மீண்டும் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

மறுபுறம், தனிமையும் வேண்டும். துக்கத்தோடு வந்தவர் தம் அறையில் வாய்விட்டு அழும்போது பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்குமோ என்று அஞ்சக் கூடாது. பழைய மரத்தளங்கள் ஒலியைத் தடையின்றிக் கடத்தும். தளப் பலகைகளைக் கவனமாக எடுத்து, உத்தரங்கள் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிட்டு, இடைவெளிகளில் ஒலி தடுக்கும் பொருளை நிரப்பி, அதே பலகைகளை அதே வரிசையில் பொருத்த முடியும். ஒவ்வொரு பலகைக்கும் எண்ணிட்டு எடுப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தங்க வருபவருக்கு அதைவிடப் பெரிய உபசாரம் குறைவு.

தீப் பாதுகாப்புதான் இறுதியில் படுக்கைகளின் எண்ணிக்கையை நிர்ணயிக்கும். பழக்கமில்லாத கட்டடத்தில் உறங்குகிறவர், நள்ளிரவில் புகை சூழ்ந்த நிலையில் வழி கண்டுபிடித்து வெளியேற வேண்டும். ஒரே மரப்படிக்கட்டை நம்பி மேல்மாடியில் பலரைத் தங்க வைப்பது எந்த நியாயத்தாலும் தகாது. இரண்டாவது வழி அமைக்க இயலாவிட்டால் மேல்மாடியைப் படிப்பறையாகவோ வேலை அறையாகவோ வைத்துக்கொள்ளலாம். சீரமைப்பு நடைபெறும் காலமே கட்டடத்துக்கு மிகவும் ஆபத்தான காலம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பாரிஸ் நோத்ர டாம் பேராலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது, பணிகள் நடந்துகொண்டிருந்த வேளையில். பற்றவைப்பு போன்ற வெப்ப வேலைகளைப் பிற்பகலிலேயே நிறுத்தி, அதன் பின் நெடுநேரம் ஒருவர் இருந்து கண்காணிக்கும் ஒழுங்கைத் தளர்த்தவே கூடாது.

பணத்தைப் பற்றி ஒன்று. சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடிக்கு நன்கொடை எளிதில் கிடைக்கும். மழைநீர்க் குழாயைத் தூய்மை செய்யக் கொடுப்பவர் அரிது. ஆகையால் அமைப்பின் நிர்வாகக் குழு, திறப்புக்கு முன்பே பராமரிப்புக்கென ஒரு தனி நிதியை ஒதுக்கி, அதிலிருந்து வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி தீர்மானம் நிறைவேற்றிக்கொள்வது நல்லது. தங்கியிருப்போரும் பணியாளரும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் கூரை நீர்ப்போக்குகளைப் பார்வையிட்டு, கண்டதைத் தேதியிட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவேடு, ஜெப அட்டவணையும் சமையல் முறைப்பட்டியலும் தொங்கும் அதே பலகையின் அருகில், எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.