பூட்டிய அறையும் புதுப்பெண்ணும்

(பினாங்கில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஐயா அவர்களே, இன்னொரு நிகழ்ச்சியை விட்டுவிட்டு நமக்காக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, ஒரு வெள்ளிகூட வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்தினரே, பின்னால் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். போன வருடம் நம் நூலகத்துக்கு இரண்டு அலமாரி வாங்கிக் கொடுத்தவர் டத்தோ அவர்கள். அதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வராது. தலைமையாசிரியை அம்மையார் மாணவர்களை வேன் வைத்து அழைத்து வந்திருக்கிறார். இன்று நான் பேசுவதே அவர்களுக்காகத்தான்.

பேய்வீட்டுப் படங்கள் ஏன் நம்மை இழுக்கின்றன என்பது தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று வீடு, இரண்டு பெண், மூன்று இசை.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றார்கள் பெரியவர்கள். செலவை நினைத்துச் சொன்ன பழமொழி. இந்தப் படங்களின் இலக்கணமும் அதுதான் என்பேன். ஒருவன் ஆசைப்பட்டு வீடு கட்டுகிறான். ஒருத்தி கல்யாணமாகி அதற்குள் வருகிறாள். எல்லா அறையும் உன்னுடையது, அந்த ஒரு அறையைத் தவிர என்கிறார்கள். கதை அங்கே தொடங்கிவிடும்.

இந்த வகைக் கதையை ஆரம்பித்து வைத்தவரே வீட்டுப் பைத்தியம் பிடித்தவர். ஹோரஸ் வால்போல் என்ற இங்கிலாந்துக்காரர் தேம்ஸ் நதிக்கரையில் பழங்காலக் கோட்டை மாதிரி தனக்கொரு வீடு கட்டிக்கொண்டார். ஒருநாள் கனவில், மாடிப்படியின் கைப்பிடிமேல் இரும்புக் கவசம் பூண்ட ராட்சதக் கை ஒன்று இருக்கக் கண்டார். அன்று மாலையே எழுத உட்கார்ந்தார். 1764இல் முதல் கோதிக் நாவல், அதாவது பழைய கோட்டைக்குள் நடக்கும் திகில் கதை, வந்தது. கட்டிய வீடே அவர் கனவுக்குள் புகுந்துகொண்டது, பாருங்கள்.

அடுத்தது கல்யாணம். 1940இல் ஹிட்ச்காக் எடுத்த 'ரெபேக்கா' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இரண்டாம் தாரமாக ஒரு பெண் மாளிகைக்கு வருகிறாள். படம் முடியும்வரை அவளுக்குப் பெயரே கிடையாது. செத்துப்போன முதல் மனைவிக்குப் பெயர் உண்டு, ஆனால் அவள் முகத்தை ஒரு காட்சியிலும் காட்டமாட்டார்கள். தலைவாரும் சீப்பு, தலையணை உறை எல்லாம் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். 2005இல் நாம் திரையரங்கில் கூட்டம் கூட்டமாகப் பார்த்த 'சந்திரமுகி'யிலும் பூட்டிய அறையைத் தேடிப் போகிறவள் கல்யாணமாகி வந்த பெண்தானே? வீட்டை வாங்கிய ஆண்பிள்ளைக்கு அது வெறும் சுவர். அந்த வீட்டில் முன்னால் ஒருத்தி அழுதிருக்கிறாள் என்பது வந்த பெண்ணுக்குத்தான் தெரிகிறது. இந்தப் படங்களின் ஈர்ப்பு பயத்தில் இல்லை என்று நான் நம்புகிறேன். ஒருத்தி பட்ட வேதனையை வீடாவது மறக்காமல் வைத்திருக்கிறதே என்ற ஆறுதலில் இருக்கிறது.

இங்கே என் பாட்டி கதையைச் சொல்லியாக வேண்டும்.

சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பத்து வயது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய்விட்டார், பங்களா பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி மாடி ஜன்னலில் ஒரு வெளிச்சம் நகரும் என்று தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சு. சாவிக்கொத்துச் சத்தமும் கேட்குமாம். துரைசானி ஆவி என்றார்கள் சிலர், பிரசவத்தில் செத்தவள் பேயாக வரும் பொந்தியானாக் என்றார்கள் சிலர். ஒரு காட்டுப்பன்றியை ஒற்றையாளாக விரட்டிய எங்கள் தோட்டத்துக் கங்காணி மண்டோரே அந்தப் பாதையில் சைக்கிளைத் திருப்பமாட்டார்.

நானும் என் மாமன் மகனும் ஒரு வெள்ளிக்கிழமை போய் கெம்போஜா என்னும் பூமரத்துக்குப் பின்னால் பதுங்கினோம். பூ வாசம் மூக்கைத் துளைத்தது. மாடியில் வெளிச்சம் வந்தது. ஒரு ஜன்னல், அடுத்த ஜன்னல், அப்புறம் படியிறங்குகிறது. வெள்ளைச் சேலை. மாமன் மகன் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடியே போனான். எனக்குக் கால் எழவில்லை. பின்கதவு திறந்தது. அந்த உருவம் படியில் உட்கார்ந்து, மடியை அவிழ்த்து வெற்றிலையை எடுத்து, ஒரு இருமல் இருமியது.

அந்த இருமலை எனக்குத் தெரியும். தினமும் அதன் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குவேன்.

"வந்ததுதான் வந்துட்ட, அந்த ஜன்னலச் சாத்திட்டு வா" என்றாள் பாட்டி.

பாட்டி அந்தப் பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள். துரைசானிக்குப் பிறந்த பெண்குழந்தை மூன்று மாதத்தில் மாடி அறையில் காய்ச்சலில் போய்விட்டது. கடைசி மூச்சின்போது குழந்தை பாட்டி மடியில் இருந்தது. கப்பல் ஏறும்போது துரைசானி சாவியை இவள் கையில் வைத்து, அந்த அறையை இருட்டாக விட்டுவிடாதே என்றாளாம். பாட்டி வாரம் தவறவில்லை. தோட்டமே பயந்து நடுங்கிய பேய், வாக்குத் தவறாத ஒரு கிழவி!

தோட்டம் கைமாறியது, பங்களாவை இடித்தார்கள். இன்று அங்கே தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகள். அந்தக் குழந்தைக்கு விளக்கு வைத்த கதை எந்த ஏட்டிலும் இல்லை.

'வீட்டைக் கட்டிப் பார்' என்று சொன்ன நம் ஜனங்கள் இந்த நாட்டில் அடுத்தவருக்கு எத்தனை வீடு கட்டினார்கள்! பேராக்கில் பத்து காஜா என்னும் ஊரில், தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் துரையின் மாளிகையைப் பேய் மாளிகை என்று டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிறோம். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் பாதியில் நின்றது. அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் கொள்ளைநோயில் செத்தார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரை கட்டிக்கொடுத்தார். கோயிலின் மேலே சாமி உருவங்களோடு துரையின் உருவமும் நிற்கிறது. செத்தவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா?

நம் பினாங்கு ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது, வாடகை ஏறி, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் கிளம்பின. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்தது, மகிழ்ச்சி. உள்ளே பிரசவம் பார்த்தவள், மசாலை இடித்தவள், மாடியில் தனியாக அழுதவள் கதையை யார் வைத்திருக்கிறார்கள்? 1957இல் நம் வட்டாரமே பார்த்து அலறிய 'பொந்தியானாக்' படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். அந்தப் படத்துக்கே இன்று பிரதி கிடையாது. சினிமாவுக்கே இந்தக் கதி என்றால் லயத்துப் பாட்டிக்கு?

அதனால்தான் போகிற கூட்டத்தில் எல்லாம் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மாணவச் செல்வங்களே, கைப்பேசியை எடுங்கள். வீட்டிலிருக்கும் பாட்டியிடம், நீங்கள் கல்யாணமாகிப் போன வீட்டில் எந்த அறைக்குள் போக உங்களுக்குப் பயம் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வி போதும், மற்றதெல்லாம் தானாக வரும். அப்படியே பதிவு செய்யுங்கள், பேச்சுவழக்கைத் திருத்தாதீர்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தோட்டத்தின் பெயர், வீடு இருந்த இடம், சொன்னவர் பெயர், மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். டத்தோ அவர்கள் கொடுத்த அலமாரியில் ஒரு தட்டு இன்னும் காலியாக இருக்கிறது, அது இதற்காகத்தான்.

இசையைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார். பாட்டியின் சாவியைக் கொண்டுவந்திருக்கிறேன். விரல் நீளம்தான், வளையம் தேய்ந்து போயிருக்கும். இருட்டில் தடவியே கண்டுபிடிக்க அவள் சேலைக் கரையைக் கிழித்து அதில் கட்டியிருக்கிறாள். வரிசை வரிசையாகக் கொடுத்தனுப்புங்கள். துணியை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள், அந்த முடிச்சு அவள் போட்டது.